விளையாட்டுக்குரிய உயர்தரக் கணினித் திரை: தேர்ந்தெடுக்கும் முறை

கணினி விளையாட்டு பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து, போட்டி விளையாட்டு என்னும் நிலையையும் இன்று எய்தியுள்ளது. 2022 டிசம்பரில் இந்திய அரசு ஈ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கணினி விளையாட்டுப் போட்டியைப் பல்துறை விளையாட்டு விழாக்களின் ஓர் அங்கமாக ஏற்று, விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2023ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இப்போட்டிகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இதன் பயனாக, மாணவர்கள் தம் பெற்றோரிடம் உயர்தரத் திரை ஒன்றைக் கேட்பதும், பெற்றோர் பள்ளி ஆசிரியரிடமோ கள அலுவலரிடமோ ஆலோசனை கேட்பதும் வழக்கமாகி வருகின்றன.

இத்தகைய திரை ஒன்றின் விலை பல குடும்பங்களின் ஒரு மாத வருவாயையும் விஞ்சக் கூடியது. பெட்டியின் மீது ‘240 ஹெர்ட்ஸ்’, ‘1 மில்லி வினாடி’, ‘4கே’, ‘எச்.டி.ஆர்.’ என எண்களும் எழுத்துகளும் நிறைந்திருக்கின்றன. இவற்றுள் எது கண்ணுக்கு எட்டும் பயன், எது அச்சில் மட்டும் நிற்கும் எண் என்பதைப் பிரித்தறியாமல் வாங்கினால் அரிய பொருள் வீணாகும். கணினி, வடம், திரை, கண் ஆகிய நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். அவற்றுள் நலிந்த கண்ணி எதுவோ, அதுவே காட்சியின் தரத்தை வரையறுக்கிறது. இந்த ஒரு கருத்தை மனத்திற்கொண்டால் ஏனைய யாவும் தெளிவாகும்.

திரை காட்சியைத் தரும் விதம்

1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் பௌதிக அறிஞர், பார்வையாளர்களை மகிழ்விக்க ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். அதன் திரை ஐந்து அங்குல விட்டமுள்ள ஓர் ஆசிலாஸ்கோப்புக் குழாய். அவ்வகைக் குழாயில் எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து, பின்னர் மங்கிவிடும்.

இக்காலத் திரைகள் இம்முறையில் இயங்குவதில்லை. திரவப் படிகத் திரையாயினும், ஓ.எல்.இ.டி. திரையாயினும், ஒரு படத்தைப் பெற்றால் அடுத்த படம் வரும் வரை அதை அசையாமல் தாங்கி நிற்கின்றன. ஒரு வினாடியில் எத்தனை முறை திரை தன் படத்தை மாற்றுகிறதோ, அதுவே அதன் புதுப்பிப்பு வீதம். இதன் அலகு ஹெர்ட்ஸ்.

புதுப்பிப்பு வீதமும் குறைந்துவரும் பயனும்

ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைப்பட்ட காலத்தை, 1000 மில்லி வினாடியைப் புதுப்பிப்பு வீதத்தால் வகுத்து அறியலாம்.

60 ஹெர்ட்ஸ்: 16.67 மில்லி வினாடி
144 ஹெர்ட்ஸ்: 6.94 மில்லி வினாடி
240 ஹெர்ட்ஸ்: 4.17 மில்லி வினாடி
360 ஹெர்ட்ஸ்: 2.78 மில்லி வினாடி
480 ஹெர்ட்ஸ்: 2.08 மில்லி வினாடி

60லிருந்து 144க்கு உயரும்போது மிச்சமாவது ஏறத்தாழ 9.7 மில்லி வினாடி. 144லிருந்து 240க்கு உயர்ந்தால் 2.8 மட்டுமே. 240லிருந்து 360க்கு 1.4, 360லிருந்து 480க்கு 0.7. விலையோ இதற்கு நேர்மாறாக, மேலே செல்லச் செல்ல விரைந்து ஏறுகிறது. முதற்படியே மிகப் பெரிய பயனைத் தருகிறது என்பது இக்கணக்கினின்றும் விளங்கும்.

மனிதன் ஒரு காட்சியைக் கண்டு கையை அசைக்க ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி வினாடி ஆகிறது. அவ்வாறாயின் சில மில்லி வினாடிகளால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். சமமான திறமையுடைய இருவர் மோதும் போட்டியில், ஒருவர் காட்சியைச் சற்று முன்னதாகவே பெறுவது ஓர் அனுகூலம்தான். எனினும் அதைவிடப் பெரிய பயன் வேறொன்று உண்டு. அது அசைவின் தெளிவு.

அசையும் உருவம் மங்குவதேன்?

ஓடும் உருவத்தைக் கண் இடைவிடாது பின்தொடர்கிறது. திரையோ படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, பின்னர் அடுத்த இடத்திற்குத் தாவச் செய்கிறது. நகரும் கண்ணின் விழித்திரையில் நிற்கும் படம் இழுபட்டு மங்குகிறது. 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஓர் உருவம் 2 வினாடியில் கடப்பதாகக் கொள்வோமாயின், அதன் வேகம் வினாடிக்கு 960 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படத்திற்கும் அது 16 பிக்சல் தாவும். மங்கலின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. 120ல் இது 8 பிக்சல்; 240ல் 4; 480ல் 2. தொலைவில் ஓடும் எதிரியின் உருவமே பத்துப் பதினைந்து பிக்சல் அகலமாயிருக்கையில், 16 பிக்சல் மங்கல் அவ்வுருவத்தையே விழுங்கிவிடும். விரைவான விளையாட்டுகளில் உயர்ந்த வீதம் வேண்டப்படுவதன் உண்மைக் காரணம் இதுவே.

இதனை வகுப்பறையிலேயே மெய்ப்பிக்கலாம். சுட்டியின் அம்புக்குறியைக் கருமையான பின்புலத்தில் விரைவாக வட்டமிடச் செய்தால், தொடர்ச்சியான கோடு தோன்றாமல் தனித்தனி அம்புகள் இடைவெளி விட்டுத் தோன்றும். திரையின் அமைப்பில் வீதத்தை 60லிருந்து 120க்கோ 144க்கோ மாற்றி மீண்டும் சுழற்றினால், அம்புகள் நெருங்கி வருவதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

‘1 மில்லி வினாடி’யின் பொருள்

புதுப்பிப்பு வீதமும் மறுமொழி நேரமும் ஒன்றல்ல. ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொரு சாம்பல் நிறத்திற்கு மாறும் காலமே மறுமொழி நேரம் எனப்படும். வழக்கமாக மாற்றத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரையுள்ள பகுதி மட்டுமே அளக்கப்படுகிறது. பல நிற மாற்றங்களுள் மிக விரைவான ஒன்றின் அளவு பெட்டியின் மீது இடம் பெறக்கூடும். இருண்ட நிறங்களுக்கிடையே மாற்றம் அதைவிடப் பன்மடங்கு தாமதப்படலாம்.

திரவப் படிகத்தை விரைவுபடுத்த, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை ஒரு கணம் செலுத்தும் முறை உண்டு. இதற்கு ஓவர்டிரைவ் என்று பெயர். அளவு மிஞ்சினால் உருவத்தின் பின்னால் வெளிறிய போலி நிழல் ஒன்று தொடரும். ‘1 மில்லி வினாடி’ என்னும் எண் சில திரைகளில் இந்த மிகைநிலையில் மட்டுமே கிட்டுகிறது. அந்நிலையில் விளையாடுவதோ இயலாது. ஆகவே நடுத்தர ஓவர்டிரைவில் அளந்த பல மாற்றங்களின் சராசரியைத் தரும் சோதனை அறிக்கைகளையே நம்பத் தகும். ஓ.எல்.இ.டி. பிக்சல்கள் ஒரு மில்லி வினாடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் மாறுவதால் அவற்றிற்கு இத்தொல்லை இல்லை.

கணினியின் ஆற்றலும் திரையின் பசியும்

திரை வினாடிக்கு 240 முறை மாறத் தயாராயிருந்தும், கணினி வினாடிக்கு 70 படங்களையே வரைந்து தருமாயின், புதிய காட்சி 70 முறையே கிட்டும். திரையை வாங்குமுன் கணினியின் கிராபிக்ஸ் அட்டை, விரும்பும் விளையாட்டில் எத்தனை படங்களைத் தருகிறது என்பதை அளந்தறிதல் முதற் கடமை. பெரும்பாலான விளையாட்டுகளிலேயே இவ்வெண்ணைக் காட்டும் வசதி உள்ளது.

பிக்சல் எண்ணிக்கை உயர்ந்தால் கணினியின் சுமையும் உயர்கிறது. 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 2560க்கு 1440 திரையில் 36.9 லட்சம், 4கே எனப்படும் 3840க்கு 2160 திரையில் 82.9 லட்சம். முதலாவதினும் மூன்றாவது சரியாக நான்கு மடங்கு. சிறிய கிராபிக்ஸ் அட்டையுடன் 4கே திரையை இணைப்பது, ஒற்றை மாட்டு வண்டியில் நான்கு வண்டிப் பாரத்தை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

கணினி படம் தரும் நேரமும் திரை மாறும் நேரமும் ஒத்துப் போகாவிடில், ஒரே திரையில் இரு படங்களின் பகுதிகள் தோன்றி, குறுக்கே கிழிந்தாற்போல் காணும். இதைத் தவிர்க்க, படம் வந்ததும் திரை மாறும் மாறுவீத முறை அமைந்தது. என்விடியா நிறுவனம் 2013ல் ஜி-சிங்க் என்னும் முறையை அறிவித்தது, வேசா என்னும் தர அமைப்பு 2014ல் அடாப்டிவ்-சிங்க் என்னும் பொது முறையை ஏற்றது, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் அதனையே அடிப்படையாகக் கொண்டது. உயர்தரத் திரையில் இவ்வசதி இன்றியமையாதது. இதன் மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையையும் விசாரித்தறிய வேண்டும். கணினி திணறும் வேளையில் கைகொடுப்பது கீழ் எல்லையே.

நுண்மையும் பார்வைத் தூரமும்

நல்ல பார்வையுடைய கண் ஒரு கோண நிமிடம் அளவுள்ள விவரத்தைப் பிரித்தறிய வல்லது. 60 சென்டிமீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 0.175 மில்லிமீட்டர். 24 அங்குல 1080 திரையில் ஒரு பிக்சலின் அளவு 0.277 மில்லிமீட்டர், 27 அங்குல 1440 திரையில் 0.233, 32 அங்குல 4கே திரையில் 0.184, 27 அங்குல 4கே திரையில் 0.156. கடைசியாகச் சொன்னது கண்ணின் எல்லையைக் கடந்துவிட்டது. சிறிய எழுத்துகளைப் படிப்பதற்கு இந்நுண்மை நன்று; விரைந்தோடும் விளையாட்டிலோ, மங்கலே நுண்மையை விழுங்கிவிடுவதால் பயன் குறைவு. அகலமான மேசையில் எட்டி அமர்வோர்க்கும் நெருங்கி அமர்வோர்க்கும் ஒரே திரை ஏற்றதன்று. மேசையின் ஆழத்தை அளந்த பிறகே திரையின் அளவை முடிவு செய்க.

திரை வகைகள்

1888ல் ஆஸ்திரிய அறிஞர் ஃபிரெடரிக் ரெயினிட்சர் திரவப் படிக நிலையைக் கண்டார். 1968ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதனைக் கொண்டு காட்சித் திரையை அமைத்துக் காட்டினர். இத்திரை தானே ஒளிர்வதில்லை; பின்னாலுள்ள விளக்கின் ஒளியைத் திறந்தும் மூடியும் விடும் கதவே அது. கதவு எவ்வாறு திரும்புகிறது என்பதைப் பொறுத்து மூன்று வகைகள் வழங்குகின்றன.

டி.என். வகை மலிவானது, விரைவானது. ஆயின் பக்கத்திலிருந்து நோக்கினால் நிறம் மாறும். இக்குறையைத் தணித்த கதையில் இந்தியாவிற்கும் பங்குண்டு. 1977ல் பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் உடன் ஆய்வாளர்களும், வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டனர். அவ்வகைப் பொருள்களால் ஆன மெல்லிய படலம், பின்னாளில் டி.என். திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கப் பயன்பட்டது.

ஐ.பி.எஸ். வகையில் நிறம் உண்மையாகவும், எப்பக்கத்திலிருந்து நோக்கினும் ஒரே சீராகவும் தோன்றும். ஆயின் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 1000க்கு 1 என்ற அளவினதே. இருட்டறையில் கருமை சாம்பலாகத் தெரியும். வி.ஏ. வகையில் இவ்விகிதம் 3000க்கு 1 அல்லது அதற்கும் மேல். ஆயின் இருண்ட நிறங்களுக்கிடையே மெதுவாக மாறுவதால், பல வி.ஏ. திரைகளில் இருட்காட்சியில் உருவத்தின் பின்னால் கரிய வால் நீளும்.

ஓ.எல்.இ.டி. வேறினத்தது. 1987ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி வகுத்தது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கருமை வேண்டிய இடத்தில் அது அணைந்துவிடுகிறது. வேகத்திலும் கருமையிலும் இதற்கு நிகரில்லை. ஆயின் அசையாத படம் நெடுநேரம் நிலைத்தால், அப்பிக்சல்கள் பிறவற்றினும் விரைவில் தேய்ந்து, நிலையான தடம் பதியும். நாள் முழுவதும் அட்டவணையும் பணிப்பட்டையும் தோன்றும் பள்ளிக் கணினிக்கு இது தக்கதன்று. மேலும், ஓ.எல்.இ.டி. திரைகள் சில மணி நேரப் பயனுக்குப் பின், காத்திருப்பு நிலையில் தம்மைத் தாமே சீர்செய்து கொள்கின்றன. மாலையில் பள்ளியின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டால் அச்சீரமைப்பு நிகழாது.

அறையின் ஒளியும் எச்.டி.ஆர். முத்திரையும்

சன்னலெல்லாம் திறந்த அறையில் இருட்காட்சியின் அழகு பயன்படாது. பளபளப்பான முகப்பு எதிரேயுள்ள சன்னலையே காட்டும். குவாண்டம் புள்ளியுடன் கூடிய ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒளிமுனைவாக்கி இல்லாமையால், வெளியொளி பட்டதும் கருமை வெளிறிப்போகும். வெளிச்சமான அறைக்குப் பளபளப்பற்ற முகப்புடைய திரவப் படிகத் திரையே ஏற்றது. திரை கொள்ளுமுன் ஒரு சன்னல் திரைச்சீலை கொள்வது சிக்கனமும் ஆகும்.

ஒளியின் பிரகாசம் நிட் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. மிகு பிரகாசத்தையும் ஆழ்ந்த இருளையும் ஒருங்கே காட்டுவதே எச்.டி.ஆர். முறை. வேசா அமைப்பு 2017ல் வெளியிட்ட தரப் படிகளுள் 400 என்பதே தாழ்ந்தது. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் அமைப்பு அப்படியில் கட்டாயமாக்கப்படவில்லை. அவ்வமைப்பு இல்லாத திரவப் படிகத் திரையில் விண்மீனைப் பிரகாசமாக்கினால் இரவு வானமும் உடன் வெளுக்கும். ஆகவே முத்திரை உண்டா என்று மட்டும் கேளாமல், பின்விளக்கில் எத்தனை பகுதிகள் என்று கேட்பதே முறை.

வடம் என்னும் மறந்த கண்ணி

4கே திரை 240 ஹெர்ட்ஸில், பிக்சலுக்கு 30 பிட் வீதம் இயங்கினால், வினாடிக்கு ஏறத்தாழ 59.7 கிகாபிட் தகவல் செல்ல வேண்டும். எச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்பின் உச்சம் 48 கிகாபிட்; டிஸ்ப்ளே போர்ட் 1.4ன் உச்சம் 32.4; டிஸ்ப்ளே போர்ட் 2.1 முறையில் 80 வரை இயலும். குறைந்த இணைப்பில் தகவலைச் சுருக்கி அனுப்பும் முறை உதவுகிறது. ஆயின் கிராபிக்ஸ் அட்டை, வடம், திரை மூன்றும் அதற்கு இசைய வேண்டும். பழைய வடம் ஒன்றைச் செருகியதால், உயர்ந்த திரை தாழ்ந்த வீதத்திலேயே இயங்குவது அரிதன்று.

தேவைக்கேற்ற தேர்வு

விரைவான சுடுதல் போட்டிகளில் ஈடுபடுவோர்க்கு 24 முதல் 27 அங்குலம் வரை, 240 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட, 1080 அல்லது 1440 திரை தகும். கணினியும் அத்தனை படங்களைத் தர வேண்டும். கதையும் இயற்கைக் காட்சியும் நிறைந்த விளையாட்டுகளை இருண்ட அறையில் ஆடுவோர்க்கு 4கே ஓ.எல்.இ.டி. அல்லது பல பகுதிப் பின்விளக்குடைய திரை இன்பம் தரும். 120 ஹெர்ட்ஸே போதும். பாடத்திற்கும் பயிற்சிக்கும் ஒரே திரையைப் பயன்படுத்தும் பள்ளிக்கும் எளிய குடும்பத்திற்கும் 27 அங்குல, 1440, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஐ.பி.எஸ். திரையே சாலச் சிறந்தது. உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கியுடையதாக அது இருத்தல் நன்று. உச்ச விலைத் திரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டுத் தொகையைக் கிராபிக்ஸ் அட்டைக்குச் செலவிடின், காட்சி பெரும்பாலும் மேலும் சிறக்கும்.

வாங்கிய பின்னர்

திரையை இணைத்ததும் கணினியின் காட்சி அமைப்பைத் திறந்து, புதுப்பிப்பு வீதம் எவ்வளவு என்று காண்க. பல கணினிகள் தாமாகவே 60ல் நின்றுவிடுகின்றன. 144க்கு விலை கொடுத்தவர் பல மாதம் 60லேயே விளையாடுவதும் உண்டு. அடுத்து, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களால் திரையை முழுதும் நிரப்பி, பழுதான பிக்சல் உண்டா என ஆராய்க. எத்தனை பழுதுகளுக்கு மாற்றித் தருவர், தடம் பதிந்தால் உத்தரவாதம் பொருந்துமா என்பவற்றை விலை கொடுக்குமுன்னரே எழுத்தில் பெறுவது நலம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைய வேண்டும். இருபது நிமிடத்திற்கொரு முறை இருபது வினாடி தொலைவில் நோக்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல் வேண்டும். எவ்வளவு உயர்ந்த திரையும் களைத்த கண்ணுக்குத் தெளிவைத் தராது.

பயிற்சி வினாக்கள்

1. 2560 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரு பந்து 2 வினாடியில் கடக்கிறது. 160 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படத்திற்கும் அது எத்தனை பிக்சல் தாவும்?

2. ஒரு கணினி 4கே அளவில் வினாடிக்கு 70 படங்கள் தருகிறது. புதிய படங்களுக்கிடையே உள்ள காலம் யாது? அதற்கு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்குவது தகுமா?

3. 2560க்கு 1440 திரை, 165 ஹெர்ட்ஸ், பிக்சலுக்கு 24 பிட். எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பில் படத்திற்குப் பயன்படுவது வினாடிக்கு 14.4 கிகாபிட். இவ்விணைப்புப் போதுமா?

விடைகள்: 1. வினாடிக்கு 1280 பிக்சல். ஆகவே 8 பிக்சல். 2. ஏறத்தாழ 14.3 மில்லி வினாடி. அவ்விளையாட்டு ஒன்றிற்கே எனின் தகாது. 3. தேவை ஏறத்தாழ 14.6 கிகாபிட், போதாது. வீதத்தை 144க்குக் குறைத்தோ, டிஸ்ப்ளே போர்ட் வடத்தைப் பயன்படுத்தியோ தீர்வு காணலாம். வடம் ஒன்றை மாற்றுவதால் தீரும் குறைக்குப் புதுத் திரை வாங்க வேண்டியதில்லை என்பதை மாணவர் இக்கணக்கால் உணர்வர்.